முதலில் நிறுத்து, பிறகு சொல்

என் கணவர் விமானம் ஓட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விமானப்படையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர், விங் கமாண்டராக ஓய்வுபெற்றவர் என்று சொன்னவுடன் கேட்பவர்கள் அவரை மேகங்களுக்கு நடுவே கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறார்கள். அவர் தரையில் நின்றவர். இறங்கிவந்த விமானத்தின் மூடிகளைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்ப்பவர். பதினேழு வயதில் மண்ணூரிலிருந்து போய் ஏர்மேனாகச் சேர்ந்தார். அதற்குக் கீழே படையில் வேறு படி இல்லை. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி அதிகாரியானார். அந்த ஏற்றத்தில் உறவினர் எல்லோருக்கும் பெருமை. எனக்கும் இருந்தது, என் மகனுக்கு வேலை போன வருடம்வரை.

ஓய்வுபெற்று நாங்கள் குன்றத்தூரில் வீடு கட்டிக்கொண்டு வந்த புதிதில், மண்ணூரிலிருந்து அவருடைய சித்தப்பா மகன் வந்தார். மொட்டைமாடிவரை ஏறி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"ஏண்ணே, ஒரு தபா கூட ஓட்டினது இல்லியா?"

"இல்லடா. நான் டெக்னிக்கல்."

"சும்மா ஒரு ரவுண்டு?"

"அதெல்லாம் குடுக்கமாட்டான்."

"அப்ப மெக்கானிக்குனு சொல்லு. நான் ஊரு பூரா எங்கண்ணன் ராக்கெட்டு வுடுதுன்னு சொல்லிக்கினு கீறேன்."

என் கணவர் சிரித்தார். அவருக்கு அந்தக் கேலி பழக்கம்தான். இதைவிட நாசூக்கான கேலிகளை அவர் இருபது வருடம் கேட்டிருந்தார்.

அவர் அதிகாரியானபோது வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் காஞ்சிபுரத்தில் பட்டப்படிப்பு முடித்து ஒரு சார்ஜென்டைக் கல்யாணம் செய்துகொண்டு வடக்கே போனவள். ஏர்மேன் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் கறிவேப்பிலைக்கும் பால்பொடிக்கும் நேராக அடுப்படிவரை வருவார்கள். படையில் ஒரு வழக்கம் உண்டு. கீழிருந்து ஒருவர் அதிகாரியானால் அவரை அதே ஊரில் வைத்திருக்கமாட்டார்கள். நேற்றுவரை தோளில் கை போட்டவர்கள் இன்று அவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். அந்தச் சங்கடம் வேண்டாம் என்று உடனே வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்கிற காரியம்தான். ஆனால் நம்மை ஏறச்சொல்லிவிட்டு, ஏறியதைப் பார்த்த அத்தனை பேரையும் எடுத்துவிடுவது போன்றது அது.

புதிய நிலையத்தில் அதிகாரிகளின் மனைவிகள் கூடும் கூட்டத்துக்கு முதல் தடவை போனேன். அங்கே நாற்காலிகள் கணவரின் பதவிப்படி போடப்பட்டிருக்கும். என் வயதைப் பார்த்து வரவேற்ற பெண், யாரோ பெரிய அதிகாரியின் மனைவி என்று நினைத்து, முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். தேநீர் வரும்போது இன்னொருத்தி வந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் மிகவும் இனிமையாக, கையைப் பிடித்து எழுப்பி, கடைசி வரிசைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாம் புதிதாகக் கல்யாணமானவர்கள், இருபத்தோரு இருபத்திரண்டு வயதுப் பெண்கள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள்.

அவரை மெஸ்ஸில் இளம் அதிகாரிகள் அங்கிள் என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் அவர்களுக்கும் ஒரே பதவி. பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேராக அதிகாரியாக வந்தவர்களை அவர் வீட்டில் 'நேரா வந்தவனுங்க' என்பார். அவர்கள் முள்கரண்டியைப் பிடிப்பதையும், மேலதிகாரியின் ஜோக்குக்கு எவ்வளவு சிரிப்பது என்பதையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இஸ்திரி போட ஆள் இருந்தும் தன் சட்டையைத் தானே தேய்த்தார். அடுத்தவர்கள் கசங்கிய சட்டையில் வரலாம், தான் வரக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த எங்கள் மகன், ஏர்மேன் குடியிருப்பில் அவரை 'அப்பா' என்றவன், புதிய ஊரில் மற்ற பிள்ளைகளைப் பார்த்து 'டாடி' என்றான். அவர் திருத்தவில்லை. எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவர் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. அவர் புதிய ஃபிட்டராக இருந்தபோது நடந்தது. ஒரு விமானத்தில் வேலை முடித்துவிட்டு கருவிப் பெட்டியை மூடப்போகிறார். பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் இருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரின் பள்ளம் காலியாக இருந்தது. அது விமானத்துக்குள் எங்காவது விழுந்திருந்தால், விமானி திருப்பும்போது ஏதாவது ஒரு தண்டில் சிக்கிக்கொள்ளும். விமானத்தின் இயந்திரம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. முறைப்படி அவர் தன் சார்ஜென்டிடம் சொல்ல வேண்டும், சார்ஜென்ட் அதிகாரியிடம் சொல்ல வேண்டும், அதிகாரி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். இவர் யாரிடமும் சொல்லாமல் ஓடினார். விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். விமானி இயந்திரத்தை அணைத்தான். அன்று முழுக்க ஒரு விமானமும் பறக்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் இருக்கைக்கு அடியில் கிடைத்தது. மறுநாள் காலை அணிவகுப்பில் நிலையத் தளபதி எல்லோருக்கும் முன்னால் இவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

"அன்னிக்குதான் எனக்கு ஆபீசர் ஆகணும்னு தோணிச்சு" என்று முடிப்பார். பிறகு மகனைக் கேட்பார்: "ரூல் என்ன?"

"முதல்ல நிறுத்து. அப்புறம் சொல்லு."

"தப்பு உன்னுதா இருந்தா?"

"அப்பவும்."

பையன் நாற்காலிமேல் ஏறி நின்று கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிப்பான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு சிரிப்பேன். வேறு குழந்தைகளுக்கு வேறு கதைகள் இருந்தன. எங்களுக்கு இது இருந்தது.

மகனை 'நேராக' அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு முறை அதிகாரித் தேர்வுக்குப் போனான், இரண்டு முறையும் திரும்பிவந்தான். ஏன் என்று அவர்கள் சொல்வதில்லை. கண்ணாடி போட்ட, எதையும் யோசித்துப் பேசுகிற பையன். பொறியியல் முடித்திருந்தான். அதற்குள் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையின் இருபுறமும் மதில்சுவர்கள் எழும்பிவிட்டன. பெரிய கார் கம்பெனி வந்ததும் அதற்குப் பாகம் செய்து தரும் கம்பெனிகள் வரிசையாக வந்தன. மண்ணூர்ப் பக்கம் என் கணவர் சிறுவயதில் மாடு ஓட்டிப்போன நிலத்திலிருந்து சிறிது தூரத்தில், பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவரை நிர்வாகத்துக்கும் பாதுகாப்புக்கும் மேலாளராக எடுத்துக்கொண்டார்கள். வாயிற்காவலர்கள் அவருக்கு சல்யூட் அடித்தார்கள். அந்தக் கேலிக்கார சித்தப்பா மகனும் அவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். ஆலையின் தலைவர் என் கணவரைவிட இருபது வயது இளையவர். "கமாண்டர் சார், கேண்டீன் சாம்பார் தண்ணியா இருக்காம். ஒரு சோர்ட்டி போய்ட்டு வாங்களேன்" என்பாராம். சோர்ட்டி என்றால் போர் விமானம் ஒரு தடவை பறந்துவிட்டு வருவது. இதையும் என் கணவர் சிரித்துக்கொண்டேதான் வீட்டில் சொன்னார்.

அங்கே அவர் செய்த முதல் காரியம், வெளியே போகும் எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பது. ஏர்மேனாக இருந்தபோது அவருடைய பையை வாயிலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அதிகாரிகளின் கார் நிற்காமல் போகும். அதனால் இங்கே ஆலைத் தலைவரின் பெட்டியும் திறக்கப்பட்டது. தன் பையையும் தினமும் திறந்து காட்டினார். தொழிலாளர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

மகனும் அந்தக் கம்பெனியில்தான் பயிற்சிப் பொறியாளனாகச் சேர்ந்தான். இவர் சிபாரிசு செய்யவில்லை, செய்யவும் மாட்டார். தேர்வு எழுதித்தான் போனான். உள்ளே அவரை 'சார்' என்று கூப்பிட்டான். எனக்கு அந்த நாட்களில் பயமெல்லாம் சாலையைப் பற்றித்தான். நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற வேகமும், ஷிஃப்ட் பஸ்ஸின் ஓட்டுநருக்கு மீசைகூட முளைக்காததும்தான் என் கவலை. பஸ் வரும் நேரம் ஐந்து நிமிடம் தாண்டினால் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் நிற்பேன். ஆபத்து கட்டடத்துக்குள்ளே இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நடந்தது இதுதான். பிரேக் பாகத்தில் போல்ட்டை முடுக்குவதற்குக் காற்றில் ஓடும் ஒரு துப்பாக்கி உண்டு. அது எவ்வளவு இறுக்குகிறது என்று ஷிஃப்ட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பார்ப்பார்கள். ஒருநாள் மதியம் ஷிஃப்ட் முடியும்போது என் மகன் அளந்தான். இறுக்கம் குறைந்திருந்தது. காலையில் சரியாக இருந்தது. இடையில் எப்போது தளர்ந்தது என்று சொல்ல வழியில்லை. அன்று செய்த பெட்டிகளில் பாதி லாரியில் ஏறிப் போய்விட்டன. அந்தக் கார் கம்பெனியில் பாகங்களைக் கிடங்கில் சேர்த்துவைப்பதில்லை. இங்கிருந்து போகிற லாரி நேராக அங்கே கார் பூட்டும் வரிசைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வந்தது வந்தபடி காரில் மாட்டுவார்கள்.

மகன் தன் சூப்பர்வைசரிடம் காட்டியிருக்கிறான். அவர் சொன்னதை அவனே எனக்குச் சொன்னான்.

"செட்டிங்க சரி பண்ணிட்டு ஓட்டுப்பா. கஸ்டமர் கிட்ட போனா அங்க ஒருத்தன் பாப்பான்."

"பிரேக்கு சார்."

"பிரேக்குதான். நீ இன்னா புதுசா கண்டுபுடிச்சியா? டீ குடிச்சிட்டு வர்றேன், ஹெட்டுகிட்ட சொல்லலாமா வாணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் டீ குடிக்கப் போனார். லாரி போய்க்கொண்டிருந்தது. என் மகன் வாயிலிலிருந்த பாதுகாப்பு அறைக்கு ஓடி, அங்கிருந்த தொலைபேசியில் கார் கம்பெனியின் பொருள் வாங்கும் பிரிவைக் கூப்பிட்டு, எங்கள் லாரியில் வருவதை மாட்டாதீர்கள் என்று சொன்னான். அதன்பிறகு போய் ஆலைத் தலைவரிடம் சொன்னான். வேறு எந்த வீட்டுப் பிள்ளையும் இந்த வரிசையில் செய்திருக்கமாட்டான். கம்பெனியில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும், பத்தாவது முடித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பையன்களுக்குக்கூட, வெளியே சொல்வதற்கு முன் உள்ளே சொல்ல வேண்டும் என்பது தெரியும். வாடிக்கையாளனிடம் நேராகச் சொல்லக்கூடாது என்பது தெரியும். என் மகனுக்குத் தெரியாது. அவனுக்கு நாற்காலிமேல் நின்று கற்றுக்கொண்டதுதான் தெரியும்.

கார் கம்பெனியில் வரிசை நின்றுபோனது.

அன்று மாலை அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. அவர் வந்து கைகால் கழுவி உட்காரும்வரை பொறுத்திருந்து, மேசையில் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தான். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"மொதல்ல யாருகிட்ட சொன்ன?" என்றார்.

"கார் கம்பெனிக்கு."

"ஹெட்டுக்கு?"

"அப்புறம். நேரம் இல்ல டாடி. லாரி கிளம்பிடுச்சு."

"ம்."

"நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

"அது ஏர்கிராஃப்ட்."

"இது கார். இதுலயும் ஆளுங்கதான் உக்காருறாங்க."

அவர் பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அவர் தட்டில் கைகழுவி நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. ஏர்மேன் மெஸ்ஸில் செய்கிற காரியம் என்று எத்தனையோ வருடத்துக்கு முன்பே விட்டிருந்தார்.

லாரியில் போன பெட்டிகளைத் திருப்பி எடுத்துவந்து எல்லாவற்றையும் மறுபடி முடுக்கினார்கள். பிறகு சோதித்துப் பார்த்து ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை என்று எழுதினார்கள். "முடுக்கறதுக்கு முன்னாடி பாக்கவே இல்லம்மா" என்றான் மகன். "முடுக்கிட்டு அப்புறம் பாத்தா எப்படி லூசா இருக்கும்?" இதைச் சொல்லி அவன் சிரித்தான். இன்னும் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. கூப்பிட்டு விசாரிப்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். அதைவிட, உள்ளே அவனுடைய அப்பா இருந்தார்.

எனக்கும் அந்த நம்பிக்கைதான். அடுத்த நாள் காலை அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

"ஹெட்டுகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. இவன் செஞ்சது சரின்னு சொல்ல வேணாம். ஏன் செஞ்சான்னாவது சொல்லுங்க. உங்க கதையச் சொல்லுங்க."

"எந்தக் கதை?"

"ஸ்க்ரூடிரைவர் கதை."

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். மனம் குழம்பினால் அவருக்கு மண்ணூர்ப் பேச்சு வந்துவிடும்.

"அந்தக் கதைல பாதிதான் உனுக்குத் தெரியும். கை குடுத்தாரு, எல்லாம் வாஸ்தவம். கை குடுத்துட்டு அவரு வேற ஊருக்கு மாறிப் போயிட்டாரு. சார்ஜென்ட் அங்கியேதான் இருந்தான். என்னெத் தாண்டிப் போயிட்டியேடான்னு ஒரு வார்த்தை கேக்கல அவன். லீவு குடுக்கல. கோர்ஸுக்கு அனுப்பல. ஆபீசருக்கு நான் எழுதிக் குடுத்த பேப்பரு அவன் மேசைய வுட்டு நவுரவே இல்ல. எங்க மாத்திப் போட்டாலும் எனுக்கு முன்னாடி அவன் சொன்ன வார்த்தை போய் நின்னுச்சு. என்கூட எழுதினவன்லாம் இருபத்தஞ்சுல ஆபீசரு ஆனான். நான் எப்ப ஆனேன்? உனுக்கே தெரியும்."

"அப்புறம் எப்படி ஆனீங்க?"

"இன்னா எப்படி. அதுக்கப்புறம் நான் யாரையும் தாண்டி எதுவும் சொன்னதில்ல. அப்பிடித்தான் ஆனேன்."

நான் கேட்டேன்: "இத ஏன் புள்ளைக்குச் சொல்லல?"

பிரஷ்ஷை மறுபடி கையில் எடுத்தார். "அந்த எடத்துல முடிச்சா கதை நல்லா இருந்திச்சு" என்றார்.

என்னால் இன்றும் இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. இருபது வருடம் அவருடன் நாற்காலிகளின் பின்வரிசையில் உட்கார்ந்தவள் நான். அவர் ஏறியது துணிச்சலால் என்று நினைத்திருந்தேன். துணிச்சலுக்காக ஒரு நாள் கைகுலுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்தது. அதைத் தெரிந்துவைத்திருந்த மனிதர், பையனுக்கு மட்டும் கைகுலுக்கலைச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் ஆலைத் தலைவரிடம் பேசவில்லை. பயிற்சியில் இருப்பவனை விசாரணை இல்லாமலே அனுப்பலாமாம். அனுப்பிவிட்டார்கள்.

அதைப் பற்றி வீட்டுக்கு வந்து மகனும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் சித்தப்பா மகன் வந்து அடுப்படி வாசலில் நின்றுதான் சொன்னார். வேலையை விட்டு அனுப்பப்படுகிறவனை அவன் நிற்கிற இடத்திலிருந்து பாதுகாப்புப் பிரிவு ஆள் ஒருவர் கூடவே நடத்திப்போய், அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, வெளியே விட வேண்டும் என்பது அங்கே முறை. காவலர் யாரையாவது அனுப்பலாம்.

"அண்ணனே போச்சு அண்ணி. நான் போறேன்னு சொன்னேன். வேணாண்டான்னு சொல்ட்டு அதுவே உள்ள போயி இட்டுக்கினு வந்துச்சு. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல. மிசினு ஓட்டறவன்லாம் நிறுத்திட்டுப் பாக்கறான்."

"ஏதாவது பேசினாங்களா?"

"ஒண்ணும் பேசல. கேட்டாண்ட வந்ததும் கார்டைக் கழட்டிக் குடுத்துச்சு புள்ள. போவலாம்னு திரும்புது. அண்ணன் பையைக் காட்டுன்னுச்சு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"நான் வேற பக்கம் பாத்துக்கினேன் அண்ணி. ஆனா பாத்தேன். அண்ணன் டிபன் பாக்ஸைத் தொறந்துச்சு. சோறு கட்டினது கட்டினமேனிக்கு அப்பிடியே இருந்துச்சு. மூடிக் குடுத்துடுச்சு. பொழப்புங்கறது இப்பிடித்தான் கீது. வுடுங்க" என்றார். அன்று அவர் கேலி பேசவில்லை. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முந்தின நாள் காலை நான் கட்டிக்கொடுத்தது எலுமிச்சைச் சாதம். மகன் டப்பாவை வீட்டுக்கு வந்து கழுவிக் கவிழ்த்திருந்தான். வழியில் எங்கே கொட்டினான் என்று நான் கேட்கவில்லை.

அவரைக் கேட்டேன். கத்தவில்லை. எனக்குக் கத்த வராது.

"ஏன் நீங்களே போனீங்க?"

"வேற எவனாவது கையப் புடிச்சி இட்டாறதுக்கு நான் போறது மேல்னு நெனச்சேன்."

"பை?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணு."

"டிபன் பாக்ஸா?"

"தொறக்கலைன்னா, அப்பன்னு வுட்டுட்டான்னு சொல்லுவானுங்க. அப்புறம் நாளைக்கி எவன் பையைத் தொறப்பான்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேலையை விடப் போகிறீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். மறுநாள் கம்பெனி ஜீப் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது, ஏறிப்போனார். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் போனார். நேராக வந்த அதிகாரிகள் கோபம் வந்தால் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். போய்விட்டு அவர்கள் அப்பாவின் தோட்ட வீட்டில் இருப்பார்கள், மாமாவின் கம்பெனியில் இருப்பார்கள். ஒவ்வொரு படியையும் கையால் பிடித்து ஏறியவருக்குக் கையை விடுவது தெரியாது. அவருக்காக இப்படி யோசித்துப் பார்க்கிறேன். யோசிக்கிறபோது சரியாகத்தான் வருகிறது. மனம் ஆறுவதில்லை.

மகன் சில மாதங்கள் வீட்டில் இருந்தான். விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் பழைய கம்பெனியைக் கேட்பார்கள், பிறகு பதில் வராது. இந்தச் சாலையில் எல்லா மனிதவள அதிகாரிகளும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். கடைசியில் ஒரகடத்தில் புதிதாகக் கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது, தகடு அடிக்கும் ஒரு சின்னப் பட்டறையில், படிப்புக்குக் குறைந்த வேலையில், சேர்ந்தான். அங்கேயே தெற்கத்திப் பையன்களோடு ஓர் அறை எடுத்துக்கொண்டான். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். "உக்காருங்கம்மா. ஒங்க மவன் நல்லாத்தான் இருக்கான், பேசத்தான் மாட்டேங்கான்" என்றான் கூட இருந்த பையன். ஆறு பாய், ஒரு ஜன்னல். எனக்குப் புலம்பக்கூடத் தோன்றவில்லை, ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் வருவான். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. சண்டை போட்டுக்கொண்டதும் இல்லை. "இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்தணும்னு சொல்லும்மா" என்று அவர் இருக்கும்போதே என்னிடம் சொல்வான். "ஊத்தியாச்சுன்னு சொல்லு" என்பார் அவர். இப்படி இரண்டு வருடம் போயிற்று. நான் வேண்டாத கோயில் இல்லை. குன்றத்தூர் மலைப்படியை முழங்கால் வலியோடு ஏறினேன். வேண்டியது ஒன்றுதான், இவர்கள் இரண்டு பேரும் பேச வேண்டும்.

ஒரு ஞாயிறு மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்டேன். வழக்கமாகப் 'போவுது' என்று நிறுத்திக்கொள்பவன், அன்று ஏதோ நல்ல மனநிலையில் இருந்தான்.

"போன வாரம் ஒரு காமெடி. டை, அதான் தகடு அடிக்கற அச்சு, கிராக் விட்டுடுச்சு. பீஸெல்லாம் ஓரத்துல மயிரிழை மாதிரி கீறலோட விழுது. யாருமே கவனிக்கல. நான்தான் பாத்தேன்."

"என்ன பண்ண?"

"என்ன பண்றது. கேஷுவலா அந்தப் பக்கம் போய் நின்னுட்டேன். ரெண்டாவது ஷிஃப்ட்காரன் வந்து பாத்து அவனே கத்தி அவனே மாட்டிக்கிட்டான்."

"அதுவரைக்கும் வந்ததெல்லாம்?"

"பெட்டி கட்டிப் போயிடுச்சும்மா. போனது போனதுதான்." வாயில் அப்பளத்தோடு சிரித்தான். அவன் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

என் கணவர் தலையை நிமிர்த்தினார். அவனை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"எந்தப் பார்ட்டு?"

மகன் ஒரு கணம் என்னைப் பார்த்தான்.

"சீட்டுக்கு அடியில வர்ற பிராக்கெட்" என்றான் அவரிடம்.

"எத்தினி டன் பிரஸ்ஸு?"

"இருநூறு. பழைய மிஷின்."

"இருநூறுல அந்தத் தகடு அடிச்சா டை தாங்காது. ஏர்ஃபோர்ஸ்ல எங்க ரிப்பேர் டிப்போல இதே தொல்லைதான். மேல சொல்லிப் பாத்தாங்களா?"

"யாரு சொல்வா டாடி."

"ம். நீ சொல்லாத." சோற்றைக் குழம்போடு சேர்த்துக்கொண்டே சொன்னார். "உன் ஷிஃப்ட்ல வெளிய தெரியல இல்ல? நல்லதாப் போச்சு. புத்தியாத்தான் பண்ண."

"ஆமா டாடி" என்றான்.

பிறகு இருவரும் பிரஸ்ஸைப் பற்றி, எண்ணெய் அழுத்தத்தைப் பற்றி, புதிய மேலாளர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பற்றிப் பேசினார்கள். அவர் மேசைமேல் விரலால் ஏதோ வரைந்து காட்டினார், இவன் குனிந்து பார்த்தான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எந்த வீட்டிலும் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைதான். நான் கேட்டதைக் கடவுள் கொடுத்துவிட்டார். அந்தப் பிராக்கெட்டின்மேல் யாரோ ஒருத்தர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

"ரசம் ஊத்தட்டுமா?" என்றேன். பேச்சை நிறுத்தாமலே இரண்டு பேரும் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.